காசி குரைக்கும் நேரம் மூன்று இருபது

மகா, இந்திர, ராஜா என்று மூன்று பட்டங்களை ஒரே பெயரில் சுமந்துகொண்டு ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பஸ் ஓட்டுகிறவர் மகேந்திரராஜா ஒருவர்தான். பெயர் வைத்த தகப்பனார் எந்தச் சாம்ராச்சியத்தை மனதில் வைத்திருந்தாரோ தெரியாது. மகனுக்குக் கிடைத்தது பன்னிரண்டு மீட்டர் நீளமான ஒரு பஸ். அதற்குள்ளும் அரசரின் ஆணை செல்லுபடியாவதில்லை. பின்னுக்குப் போங்கள் என்று ஒலிவாங்கியில் சொன்னால் மாணவர்கள் முன்னுக்கு வருவார்கள்.

எண்பத்தொன்பதில் இருபத்திரண்டு வயதில் ஈழத்திலிருந்து வந்தவர். பதினொரு வருடம் கோப்பை கழுவினார். எட்டு வருடம் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினார். நாற்பத்தொரு வயதில், மகள் படம் கீறும் மேசையின் மறுபக்கத்தில் குந்தியிருந்து, பிரேக்கின் வகைகளை ஜெர்மன் மொழியில் பாடமாக்கி, பஸ் சாரதிப் பத்திரம் எடுத்தார். அன்று தொடக்கம் இன்றுவரை ஒரு நாளும் வேலைக்குப் பிந்தியதில்லை. முதலாவது பஸ் அவருடையது. அதற்காக விடியற்காலை மூன்று இருபதுக்கு வீட்டுக் கதவைத் திறந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு பணிமனைக்குப் போவார். பதினாறு வருடமாக அந்த மூன்று இருபது என்ற நேரம் உலகத்தில் யாருக்கும் தெரியாமல், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருந்தது. இப்போது நான்கு மாடிக் கட்டிடம் முழுவதற்கும் தெரியும்.

காரணம், காசி.

காசி ருமேனியாவின் ஏதோ ஒரு தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாய். மண்ணிறம், ஒரு காது பாதி, பிறந்த திகதி தெரியாது. மிருகநேயச் சங்கம் கொடுத்த பத்திரத்தில் பெயர் கஸிமீர் என்றிருந்தது. மகேந்திரராஜாவின் மனைவி குணேஸ்வரி அதை இரண்டு நாள் சொல்லிப் பார்த்துவிட்டு, "நாக்கு சுளுக்குது" என்று காசி ஆக்கிவிட்டார். கொண்டு வந்தது மகள் ஆதிரை. மிருக வைத்தியருக்கு உதவியாளராக மியூனிக்கில் அவளுக்கு ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி இடம் கிடைத்தது. மிருகங்களோடு வேலை பழகப் போகிறவள் வாடகைக்கு எடுத்த அறையில் மிருகங்களுக்கு அனுமதியில்லை.

"அப்பா, ஒரு மாசம்தான். பிறகு நான் எடுக்கிறன்" என்றாள்.

அது மார்ச் மாதம். இப்போது நவம்பர்.

பகலில் காசியைப் போன்ற சாதுவான பிராணி பவேரியாவிலேயே கிடையாது. இரவு வந்தால் மனுசர் போனால் போதும். மகேந்திரராஜா வெளியே போய்க் கதவைச் சாத்தியதும் தொடங்கும். குரைப்பு, பிறகு ஊளை, பிறகு கதவைப் பிறாண்டல், பிறகு மூச்சுவிட ஒரு இடைவேளை, பிறகு முதலிலிருந்து. நாற்பது நிமிடம். குணேஸ்வரி வயோதிபர் இல்லத்துச் சலவைப் பகுதியில் ஆறு மணிக்கு நிற்க வேண்டியவர். மூன்று இருபதிலிருந்து நான்கு மணிவரை நிலத்தில் இருந்துகொண்டு நாயின் முதுகைத் தடவி, "ஒண்டுமில்லையடா, ஒண்டுமில்லையடா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். நாய்க்கு அது பொய் என்று தெரியும்.

வைத்தியங்களைச் சொல்லி முடியாது. சுவரில் செருகினால் தாய்நாயின் மணம் வரும் என்ற ஒரு கருவி வாங்கினார்கள். மகேந்திரராஜாவுக்கு மட்டும் தும்மல் வந்தது. உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பயச்சட்டை ஒன்று வாங்கினார்கள். அதைப் போட்டுக்கொண்டே காசி குரைத்தது, சீருடையில் இருப்பதால் இன்னும் கம்பீரமாக. குணேஸ்வரி ஒரு வெள்ளிக்கிழமை செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நாவூறு கழித்து அடுப்பில் போட்டார். கூரையிலிருந்த புகைக்கருவி அலறி, வாசலில் புகையைக் கண்ட எதிர்வீட்டு ஹோல்ட்ஸ்னர் அம்மா தீயணைப்புப் படைக்குத் தொலைபேசி எடுக்கப் போனார். அந்த ஐந்து நிமிடமும் காசி மட்டும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் நாய்ப் பயிற்சியாளர் ஒருவரிடம் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுத்தார்கள். லிண்ட்னர் என்ற அந்தப் பெண்மணி வந்து, சப்பாத்தைக் கழற்றி, காசிக்கு முதுகைக் காட்டி ஒரு மணித்தியாலம் நிலத்தில் இருந்தார். பிறகு இரண்டு கட்டளை இட்டார். ஒன்று, நாயைக் கூப்பிட ஒரேயொரு சின்னச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டு வந்தால் ஒவ்வொரு முறையும் சொசேஜ் துண்டு. இரண்டு, வெளியே போகும்போது நாயிடம் பிரியாவிடை நாடகம் போடாதீர்கள்.

முதற்கட்டளைக்கு மகேந்திரராஜா அதிகம் யோசிக்கவில்லை. "வா" என்றார். தமிழில் அதைவிடச் சின்னச் சொல் உண்டா? நான்கே நாளில் காசி தேறிவிட்டது. வீட்டின் எந்த மூலையில் கிடந்தாலும், "வா" என்றால் சொசேஜ் போல நீண்டு ஓடி வரும். ஆதிரை இந்த வீட்டில் இருந்த இருபது வருடத்தில் ஒரு தரமும் இப்படி வந்ததில்லை என்று தாயும் தகப்பனும் ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டாவதும் சுகம். நாயிடம் யார் விடைபெற்றது? அவர் மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டுத்தான் போவார், முப்பத்தொரு வருடமாகச் சொல்வதுபோல. நாயைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அப்படியிருந்தும் குரைப்பு கூடியது. முன்பு நாற்பது நிமிடம், இப்போது ஐம்பத்தைந்து.

நவம்பர் தொடக்கத்தில் வீட்டு நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. குடியிருப்பாளர் ஒருவர் விரிவான சத்தக் குறிப்பேடு சமர்ப்பித்திருக்கிறாராம். நவம்பர் முப்பதுக்குள் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரையான அமைதி திரும்பாவிட்டால், நாய் வைத்திருக்கும் அனுமதி இரத்து. அனுமதி போனால் நாயைச் சங்கம் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று ஆதிரை கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் ஏழாம் பந்தி சொல்லியது.

"சனியன் துலையட்டும்" என்றார் மகேந்திரராஜா. "நானும் நிம்மதியாப் படுக்கலாம்."

இதைச் சொல்லும்போது அவருடைய கால் பெருவிரல் மேசைக்குக் கீழே காசியின் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது. வேலை முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வரும்போது கதவடியில் ஒரு ஜீவன் நிற்கிறது என்பதும், பதினாறு வருடம் அந்த நேரத்தில் வெறும் வீட்டைத்தான் திறந்தார் என்பதும் அவர் யாருக்கும் சொல்லாத சங்கதி. கேட்டால் மறுப்பார்.

அறிக்கை கொடுத்தது ஹோல்ட்ஸ்னர் அம்மாதான் என்று தீர்மானித்து, இரண்டு கிழமை அவருக்குக் காலை வணக்கம் சொல்லாமல் விட்டார். அந்த அம்மாவுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

பதினான்காம் திகதி, ஞாயிறு போல ஓய்வான ஒரு வியாழன் பின்னேரம், கதவு மணி அடித்தது. கீழ்வீட்டு ராகவேந்திரன், கையில் மடிக்கணினியோடு நின்றார். தமிழ்நாட்டுக்காரர், பெரிய கம்பனியில் இஞ்சினியர், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். நாலு வருடம் ஒரே கட்டிடத்தில் இருந்தும் படிக்கட்டில் தலையாட்டியதைத் தவிர உறவு கிடையாது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்த கம்ப்ளெயின்ட் குடுத்தது நான்தான்."

மகேந்திரராஜா கதவை அகலத் திறந்தார். ஜெர்மன்காரர் செய்தால் கோபிக்கலாம். தமிழன் செய்தால் தேத்தண்ணி அல்லவா கொடுக்க வேண்டும்.

"இருங்கோ தம்பி" என்றார்.

"எனக்கு நைட் ஒன்றரைக்குத்தான் சார் கால் முடியும். படுத்து கண்ண மூடினா மூணு இருபது. பேய் மாதிரி ஒரு சவுண்ட். ஆறு மாசமாச்சு." ராகவேந்திரன் மடிக்கணினியைத் திறந்தார். மஞ்சள், சிவப்பு, பச்சை என்று ஒரு அட்டவணை விரிந்தது. "ஆனா எனக்கு மனசு கேக்கல. நாய அனுப்பிடுவாங்கன்னு தெரியாது. அதான் டேட்டாவ உக்காந்து பாத்தேன். இதுல ஒரு பேட்டர்ன் இருக்கு சார். இதுக்கு ரூட் காஸ் நாய் இல்ல. நீங்கதான்."

"நானோ?"

"நீங்களே கூப்பிடுறீங்க. அப்புறம் கதவ சாத்திட்டுப் போயிடறீங்க. அதுக்கு வெறி பிடிக்காதா?"

"நான் ஏன் அதைக் கூப்பிடுறன்? அந்தப் பக்கமே திரும்பிறதில்லை."

"கீழ தெளிவா கேக்குது சார். தினமும் மூணு இருபதுக்கு. 'வா, ரன்!' அப்படின்னு. வான்னு தமிழ்ல, ரன்னுன்னு இங்கிலீஷ்ல. எதுக்கு ரெண்டு லாங்குவேஜ்னு நானும் யோசிச்சேன்."

குணேஸ்வரி குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றார். "ஐயோ தம்பி, அது 'வாறன்' எண்டு சொல்லுறவர்! போட்டு வாறன்!"

"வாறன்னா?"

"வருகிறேன் எண்டு அர்த்தம்."

அந்தச் சொல் மூன்று தரம் வாயில் புழங்கியதும், சோபாவுக்குப் பின்னாலிருந்து காசி எழுந்து வந்து, மூன்று பேருக்கும் நடுவில் நின்று, சொசேஜ் எங்கே என்று முகம் முகமாகப் பார்த்தது.

மகேந்திரராஜா கதிரையில் சாய்ந்தார். எல்லாம் விளங்கிவிட்டது, மிக அநியாயமாக. விடியற்காலையில் இருட்டுக்குள் ஒரு மனிதர், "வா" என்கிறார். நாய் பாய்ந்து ஓடி வருகிறது. மூக்குக்கு நேரே கதவு சாத்தப்படுகிறது. சொசேஜ் இல்லை, மனிதரும் இல்லை. ருமேனியாவில் கல்லால் எறிந்தவர்கள் இதைவிட நேர்மையானவர்கள். விடியற்காலை மட்டுமா? "சாப்பிட எழும்பி வாங்கோ" என்று குணேஸ்வரி ஒரு நாளைக்கு எத்தனை தரம் கூப்பிடுகிறார், "இந்தா வாறன்" என்று அவர் எத்தனை தரம் சொல்லிவிட்டு டெலிவிஷன் முன்னால் அசையாமல் இருக்கிறார்! ஈழத்திலும் புலம்பெயர்ந்த தேசங்களிலும் வாழும் சகல தமிழரும் "வாறன்" என்ற சொல்லுக்கு "இப்போதைக்கு வரமாட்டேன்" என்று ஏகமனதாகப் பொருள் கொண்டு சமாதானமாக வாழ, அதை எழுத்துக்கு எழுத்து நம்பிய ஒரே பிரஜை காசி.

லிண்ட்னருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். பழகிய சொல்லை மாற்ற இரண்டு மாதம் ஆகும் என்றார் அவர். கைவசம் இருந்தது பதினாறு நாள்.

"அப்ப மனுசர்தான் மாறோணும்" என்றார் மகேந்திரராஜா. "சுகமான வேலை. நான் பேசாமல் போறன்."

"போறன் எண்டு சொல்லாதேங்கோ!"

"சரி, ஒண்டும் சொல்லாமல்…"

"அது ஏலாது" என்றார் குணேஸ்வரி.

இதில் வாதாட முடியாது என்று அவருக்குத் தெரியும். குணேஸ்வரி செவ்வாய்க்கிழமையில் தலைமயிர் வெட்டுவார், ராகுகாலத்தில் கார் வாங்கினார். நாய்க்கு நாவூறு கழித்தாலும் சகுனம் என்று ஒன்றையும் பார்க்காதவர். இந்த ஒன்றைத் தவிர. தொண்ணூறாம் ஆண்டு ஒரு பகல், மண்ணெண்ணெய் வாங்க வெறும் போத்தலைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு அவருடைய தம்பி வெளிக்கிட்டான். அவசரத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான் அந்தக் கதை. கலியாணம் கட்டிய முதற்கிழமை அதைக் கேட்ட நாள் தொட்டு, மகேந்திரராஜா கீழே குப்பை போடப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் போவார்.

ஆகவே மேசை மாநாடு தொடங்கியது. நடுவர் ராகவேந்திரன்.

"போட்டு வருகிறேன்?" என்றார் மகேந்திரராஜா. காசியின் முழுக்காது நிமிர்ந்தது. தள்ளுபடி.

"ஆவுஃப் வீடர்சேயன்?" என்று ஜெர்மனில் விடைபெற்றுப் பார்த்தார்.

"நான் என்ன கடையில காசு வாங்கிற பிள்ளையே? கட்டின மனுசிக்குச் சொல்லுற சொல்லே அது?"

"போட்டுத் திரும்புறன்?"

"பஸ் திரும்பும். மனுசர் வரோணும்."

"சார், மெசேஜ் போட்டுருங்களேன், வாட்ஸப்ல" என்றார் ராகவேந்திரன்.

"என்ரை போன் ராவில ஓஃப் தம்பி. வாசலில நிண்டு முகத்தைப் பாத்துச் சொல்லோணும்" என்றார் குணேஸ்வரி.

மகேந்திரராஜா தலையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தலைக்குள் முப்பத்தைந்து வருட ஜெர்மன் வாழ்க்கை வேலை செய்தது. இந்த நாட்டில் வாயால் சொன்னது எதுவும் சொன்னதாகாது. பிறந்ததற்கும் கடிதம், இருப்பதற்கும் கடிதம், கடிதம் கிடைத்ததற்கும் கடிதம். விடைபெறுவதையும் எழுத்துமூலம் செய்தால் என்ன?

மறுநாள் பணிமனையில், கால அட்டவணைக்குப் பிளாஸ்டிக் உறை போடும் மெசினில், உள்ளங்கை அளவில் ஒரு அட்டை தயாரானது. பெரிய எழுத்தில்: போட்டு வாறன்.

சனிக்கிழமை விடியற்காலை மூன்று இருபது. மகேந்திரராஜா தொப்பியோடு வாசலில் நின்று, மனைவியின் முகத்தைப் பார்த்து, பஸ்ஸில் ஏறிய பரிசோதகர் அடையாள அட்டை காட்டுவதுபோல அட்டையை உயர்த்திக் காட்டினார். காசி பாயில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடியது. வெற்றி. கதவின் பிடியில் கை வைத்தார்.

"ஓம், போட்டு வாங்கோ" என்றார் குணேஸ்வரி வாய்நிறைய.

அன்றைய குரைப்பு ஐம்பத்தொன்பது நிமிடம். ராகவேந்திரனின் அட்டவணையில் அதுவரை கண்டிராத ஊதா நிறம்.

"உனக்கு விசரே?" என்று பத்து மணிக்கு, ஒரு தரிப்பிடத்தில் நின்று தொலைபேசியில் கத்தினார் மகேந்திரராஜா.

"வாயில தன்பாட்டுக்கு வந்திட்டுது. முப்பத்தொரு வரியம் சொன்ன வாய். எனக்கும் ஒரு அட்டை அடிச்சுத் தாங்கோ."

அடித்தார். ஓம், போட்டு வாங்கோ. சிவப்பு எழுத்தில், ஒரு துளையும் போட்டு, கழுத்தில் மாட்ட நாடாவோடு.

அதற்குப் பிறகு நடந்தவற்றை வரலாறு முறையாகப் பதிய வேண்டும். ஞாயிறு, குரைப்பு இல்லை. முனகல் பதினாறு நிமிடம். திங்கள், முனகல் ஒன்பது. புதன்கிழமை மகேந்திரராஜாவின் பழைய சீருடைச் சட்டையைப் பாயில் போட்டுவிட்டார்கள். காசி அதற்குள் மூக்கைச் செருகிக்கொண்டது. வியாழன், ஒன்றுமில்லை. வீட்டுக்குள் "வா" என்ற ஓசை சொசேஜ் கையில் இருந்தாலொழியத் தடை. அதனால் ஏற்பட்ட பாதிப்பு பாரதூரமானது. சாப்பிடக் கூப்பிட்டால் "வாறன்" என்று சொல்லித் தப்ப முடியாமல், மகேந்திரராஜா உண்மையாகவே எழுந்து போக வேண்டியிருந்தது. சோறு சூடாக இருந்தது. கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் முதற்தரமாக நாக்கைச் சுட்டுக்கொண்டார். செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தமாக ஹோல்ட்ஸ்னர் அம்மாவின் குப்பைப் பையையும் ஒரு கிழமை காவினார். எதற்கென்று அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

முப்பதாம் திகதி இரவு ஒன்பதரைக்கு ராகவேந்திரன் மேலே வந்தார். தொலைபேசியில் நிர்வாகத்துக்கான மின்னஞ்சல் எழுதி முடிந்திருந்தது. பத்து நாள் வரிசையாகப் பச்சை. பிரச்சினை தீர்ந்தது, முறைப்பாட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று கீழே ஒரு வரி. குணேஸ்வரி உழுந்து வடை வைத்தார். மகேந்திரராஜா அந்த மின்னஞ்சலை இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் வாசிக்கும்போது கண்ணாடியைத் துடைத்தார். வடை எண்ணெய் பட்டுவிட்டதாம்.

பேச்சில் பத்து மணி தாண்டிவிட்டது. ராகவேந்திரன் எழுந்தார். "ஜெர்மன் கிராமர் ஒரு தடவ செக் பண்ணிட்டு கீழ போய் அனுப்பிடறேன் சார்." வாசலில் செருப்பைப் போட்டார். திரும்பினார். மரியாதை தெரிந்த பிள்ளை.

"அப்ப, வரட்டுமா?"

குணேஸ்வரியின் கை கழுத்து அட்டைக்குப் போனது. பிந்திவிட்டது. பாயிலிருந்து ஒரு மண்ணிற உருவம் புறப்பட்டு, மகேந்திரராஜாவின் கால்களுக்கிடையால் புகுந்து, கதவைத் தாண்டி, ராகவேந்திரனுக்குப் பின்னால் படியிறங்கியது. இரவு பத்து மணி நாலு நிமிடம். அமைதி நேரம். அனுப்பப்படாத மின்னஞ்சல். இன்னும் முப்பது விநாடியில் கீழ்வீட்டுக் கதவு அந்த மூக்குக்கு முன்னால் சாத்தப்படும். நாலு மாடியும் கேட்கும்.

"தம்பி!" என்றார் மகேந்திரராஜா கம்மிய குரலில், கைப்பிடியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்து. "கதவைச் சாத்தாதேங்கோ! கும்பிட்டுக் கேக்கிறன், சாத்தாதேங்கோ!"

"சார், இது என் ஹாலுக்குள்ள வந்து உக்காந்துருச்சு சார். எனக்கு நாய்னா கொஞ்சம் பயம். என்ன சார் சொல்லணும்?"

மகேந்திரராஜா குளிர்சாதனப் பெட்டிக்கு ஓடினார். பதினாறு வருடமாக ஒரு நாளும் பிந்தாததால் எதற்கும் ஓடியறியாதவர் ஓடினார். சொசேஜ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து மனைவியின் கையில் திணித்தார். குணேஸ்வரி படிக்கட்டின் தலைப்பில் குந்தினார். இரண்டு கிழமை வாய்க்குள் பூட்டி வைத்திருந்த சொல்லை, பயந்து பயந்து, மெல்ல விட்டார்.

"காசி, வா."

கீழே நகங்கள் தரையில் தட்டும் சத்தம். பிறகு படிகளில். காசி ஒரு குரைப்பும் இல்லாமல் ஏறி வந்து அவருடைய மடியில் தலையைப் போட்டது. கூப்பிட்டவர் கூப்பிட்ட இடத்திலேயே இருந்தார். சொசேஜும் இருந்தது. அது தின்றுகொண்டிருக்கும்போது மகேந்திரராஜா பக்கத்துப் படியில் குந்தி, பாதிக்காதைப் பிடித்துக்கொண்டு, "மூதேவி, மூதேவி" என்று அதன் தலையைத் தடவிக்கொண்டேயிருந்தார்.

கீழிருந்து ராகவேந்திரன் நிம்மதியில் கத்தினார்.

"சார்! அனுப்பிட்டேன் சார்! கிராமர் பாக்கல, அப்படியே அனுப்பிட்டேன்!"

"தம்பி, சத்தம் போடாதேங்கோ" என்றார் குணேஸ்வரி, கைப்பிடிக்கு மேலால் எட்டி. "பத்து மணி தாண்டிட்டுது."